ஐந்து நட்சத்திரச் சம்பந்தி

புவி வெப்பமாவதைத் தடுக்கும் பெரும்பொறுப்பை எங்கள் மாவட்டத்து மாப்பிள்ளை வீட்டார் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதை உலகத்துக்குப் பணிவுடன் அறிவிக்கிறேன். ராமநாதபுரத்தில் ஃப்ரிட்ஜ், ஏ.சி. விற்கும் கடைக்காரன் என்ற முறையில் இதற்கு நானே சாட்சி.

போன ஆவணியில் கடலாடி செல்லச்சாமி, மகன் கல்யாணச் சீருக்குப் பொருள் 'தேர்வு செய்ய' வந்தார். பணம் கொடுக்கப்போகிறவரான பெண்ணின் தகப்பனார், ஆர்.எஸ்.மங்கலம் விவசாயி கூத்தையா, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றார்.

"சம்மந்தி, எதை எடுத்தாலும் அஞ்சு ஸ்டாருதான். கரண்ட மிச்சம் பிடிக்கணும்ல. நாடுன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் செல்லச்சாமி.

எனக்குக் கண் கலங்கியது. கூத்தையாவுக்கும் கலங்கியது, அவர் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடுதலாக் குடுக்குற காசு எங்கயும் போகாது. கரண்டு பில்லு குறையக் குறையத் திரும்பி வந்துரும்," என்று விளக்கினேன்.

"யாருக்கு வரும்?" என்றார் கூத்தையா.

பில் வரப்போவது செல்லச்சாமி வீட்டுக்கு. ஆகவே நான் ஏ.சி.யின் அருமைகளுக்குப் போய்விட்டேன்.

கூத்தையா தம் வயலை, பிளாட் போடுகிறவருக்கு விற்றார். அங்கே ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டும் நின்றது. அந்த வகையிலும் மின்சாரம் மிச்சம்.

தை மாதம் 'வாடிக்கையாளர் திருப்தி' அறியக் கடலாடி போனேன். கூடத்தில் ஃப்ரிட்ஜ், பிளாஸ்டிக் உறை பிரியாமல், குங்குமப் பொட்டோடு நின்றது. ஏ.சி. அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. வாஷிங் மெஷின் மேல் துண்டு விரித்துச் சாமி படம் வைத்திருந்தார்கள். மருமகள் ஜெயப்பிரியா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுனா பழசாயிரும். மக பூங்கோதைக்கு வைகாசியில கல்யாணம். அப்படியே வண்டியில ஏத்தி விட்றலாம்," என்றார் செல்லச்சாமி.

ஒரு யூனிட்கூடச் செலவழிக்காமல் வீடு வீடாகப் போகும் ஃப்ரிட்ஜ். எந்தக் கம்பெனியும் இந்தச் சிக்கனத்தை எட்டியதில்லை.

ஜெயப்பிரியா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். உறையைக் கிழித்தாள். பிளக்கை மாட்டினாள்.

"ஏத்தா, என்ன பண்ற?"

"எங்க அய்யா வயலு இதுக்குள்ளதான் இருக்கு மாமா. தொறந்து பாக்குறேன்."

ஃப்ரிட்ஜ் மெல்ல உறுமியது. அவள் ஒரு பாட்டில் தண்ணீரை உள்ளே வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். அணைக்க யாரும் கிட்டே போகவில்லை.

செல்லச்சாமி என்னை வாசலுக்குக் கூட்டிவந்தார். பூங்கோதைக்கு இனிப் புதிதாக வாங்க வேண்டும். அதுவும் அவரே வாங்க வேண்டும்.

"முதலாளி, கம்மி ஸ்டாருல எதுவும் இருக்கா?"

"இருக்கு," என்றேன். சொந்தக் காசில் வாங்குகிறவர்களுக்கென்றே கடையின் பின்பக்கம் ஒரு வரிசை வைத்திருக்கிறோம்.