டிங்கருக்கு ஒரு பட்டப்பேர்

"ஹலோ, அங்க புலி இருக்காருங்களா?"

போனை எடுத்த முதலாளி திருதிருவென்று விழித்தார். "இது கார் ஒர்க்‌ஷாப்மா, சர்க்கஸ் இல்ல" என்று வைத்துவிட்டார்.

கார் கதவின் ஒடுக்கைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த டிங்கருக்கு அழுகையே வந்துவிட்டது. போனில் பேசியது அவன் மனைவி. காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவன் செய்த ஏற்பாடு அது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் பட்டப்பேர் உண்டு. எதற்கெடுத்தாலும் தவணை சொல்லும் முதலாளி 'நாளைக்கு'. வழுக்கைத்தலை வெல்டர் 'முழுநிலா'. முகமெல்லாம் வெள்ளைப் பட்டி மாவோடு திரியும் பெயின்டர் 'பேய்'. புதிதாகச் சேருகிறவனுக்கு ஒரு வாரத்தில் பேர் விழுந்துவிடும். அன்றோடு அவன் அந்த வீட்டுப் பிள்ளை.

டிங்கர் சேர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. வந்த வாரமே முழுநிலாவின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் கொடுத்தவன் அவன். அப்படியும் எல்லோரும் அவன் அப்பா அம்மா வைத்த பேரோடு ஒரு 'அண்ணே'வைச் சேர்த்து, மரியாதையாகக் கூப்பிட்டுக் கொன்றார்கள்.

"நம்மள ஒட்டவே விட மாட்டேங்கிறாங்க. வேற வேலை பார்த்துக்கலாம்" என்று மனைவியிடம் புலம்பினான்.

போன் பலிக்காமல் போகவே, அடுத்ததாகத் தன் டீ டம்ளரில் சிவப்புப் பெயின்டால் 'புலி' என்று எழுதி வைத்தான். பேய் அதைப் பார்த்துப் பதறிப்போய், தின்னர் போட்டுத் துடைத்துக் கொடுத்தான்.

"எவனோ விளையாடியிருக்கான்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

கடைசியாக வாசல் செக்யூரிட்டியைப் பிடித்தான்.

"நாளைக்கு நான் உள்ள வர்றப்ப, புலின்னு சத்தமா கூப்பிடணும்ணே."

"ஊருக்கே கேக்கும் தம்பி."

மனிதர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் விசிலையும் ஊதி, "புலி! புலி வருது!" என்று கத்தினார். டிங்கரே ஒருமுறை பயந்து பின்னால் திரும்பிப் பார்த்தான். எதிர்க்கடை ஷட்டர் இறங்கியது. பேய் வேனின் மேல் ஏறிவிட்டான். முதலாளி ஒரு காருக்குள் புகுந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வனத்துறைக்குப் போன் போட்டார். நாளைக்கு என்று தள்ளாமல் அவர் செய்த முதல் வேலை அதுதான்.

வலையும் கையுமாக வந்தவர்கள், "புலி எங்க?" என்றார்கள்.

"நான்தான் சார்" என்று டிங்கர் கையைத் தூக்கினான்.

வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள்.

"எதுக்குய்யா இந்தக் கூத்து?" என்றார் முதலாளி.

"எல்லாருக்கும் பேர் வச்சீங்க. எனக்கு மட்டும் ஏன் இல்ல? நான் உங்கள்ல ஒருத்தன் இல்லையா?" அவன் குரல் உடைந்தது. "நான் கணக்கை முடிச்சுக்கிறேன்."

எல்லோரும் முழுநிலாவைப் பார்த்தார்கள். முழுநிலா தலையைத் தடவிக்கொண்டு வாசலைப் பார்த்தான். அங்கே ஆட்டோவிலிருந்து, தாய்வீட்டில் இருந்து திரும்பிய அவன் மனைவி கைக்குழந்தையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

செக்யூரிட்டியிடம் நடந்ததைக் கேட்டுக்கொண்டு நேராக டிங்கரிடம் வந்தாள். "நீங்க இல்லேன்னா நானும் இல்ல, இவனும் இல்லண்ணே" என்று குழந்தையை நீட்டினாள். அவன் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வாங்கிக்கொண்டான். குழந்தை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"பேர் என்னம்மா வச்சிருக்கீங்க?"

"உங்க பேருதான்ணே. நான் வந்து சொல்ற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டேன். உங்களுக்குப் பட்டப்பேரும் வைக்கக் கூடாதுன்னு அத்தனை பேர்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன். உங்களைப் புலின்னா, என் புள்ளையைப் பூனைக்குட்டின்னுல்ல கூப்பிடுவாங்க இந்தப் பாவிங்க!"