திமிங்கலத்தின் இடுப்பெலும்பு

"எங்க வம்சத்துல யாரும் குரங்கு கெடையாது, மிஸ். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

ஆய்வகத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் ஜெகபர் அலி. கப்பல் வேலை பார்த்து ஓய்ந்து, தருமபுரத்தில் வீடு கட்டிக்கொண்டவர். பத்தாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடத்தை அன்று காலைதான் ஆரம்பித்திருந்தாள் ஜெனிஷா. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். அதற்குள் புகார்.

"குரங்குலேருந்து வந்தோம்னு நான் சொல்லலைங்க பாய். ரொம்பக் காலத்துக்கு முன்னாடி அதுக்கும் நமக்கும் பாட்டன் ஒண்ணுதான்."

"அப்ப பங்காளியா? இது அதவிட மோசமால்ல இருக்கு!"

கடலைப் பற்றிப் பேசினால் மனுஷர் குளிர்ந்துவிடுவார் என்று நினைத்தாள். "குரங்க விடுங்க. உயிரெல்லாம் மொதல்ல உண்டானது கடல்லதான்னு சொல்றாங்க."

மறுநாள் அவர், ஓய்வுபெற்ற தபால்காரர் சிலுவைராஜையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கடலா? ஆண்டவர் மண்ண எடுத்தில்ல ஆதாமச் செஞ்சாரு?"

"எங்களுக்கும் மண்ணுதான்," என்றார் ஜெகபர் அலி. இருவரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள்.

"படைச்சது யாருங்கிறதுக்குள்ள நான் போகலைங்க. ஒண்ணு இன்னொண்ணா எப்படி மாறுச்சுங்கிறதுதான் பாடம். இப்ப திமிங்கலத்தையே எடுத்துக்குங்க. அதோட முன்னோர் தரையில நாலு கால்ல நடந்ததுங்க. இன்னிக்கும் அது ஒடம்புக்குள்ள சின்னதா இடுப்பெலும்பு இருக்கு."

"காலே இல்லாததுக்கு இடுப்பா!" சிலுவைராஜ் வாயைப் பிளந்தார்.

அடுத்த நாள் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். "திமிங்கலம் நடந்துச்சாமே, மெய்யா மிஸ்?" அவர்களைச் சமாதானப்படுத்த அந்த எலும்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டினாள். அதற்கடுத்த நாள் வராந்தா நிரம்பிவிட்டது.

தலைமையாசிரியை ஞானமேரி அவளை அறைக்குக் கூப்பிட்டார். "ஊரே தெரண்டு வருதும்மா. பிரச்சினை பெருசாகறதுக்குள்ள அந்தப் பாடத்தத் தாண்டிப் போயிடு."

பள்ளியில் படிக்கும்போது அந்த ஒரு பாடத்தில் சொக்கிப்போய்த்தான் ஜெனிஷா உயிரியலே எடுத்தாள். ஆனாலும் தலைமையாசிரியை பக்கத்தில் நிற்க, வராந்தாவுக்கு வந்து கைகூப்பினாள்.

"மன்னிச்சிருங்க. நாளையிலேருந்து இந்தப் பாடத்த நடத்தல."

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை.

"நடத்தலையா?" ஜெகபர் அலியின் குரல் கம்மியது. "பறவைக்கு றெக்க எப்படி வந்துச்சுன்னு இன்னும் சொல்லவே இல்லையே!"

"நீங்க சொல்றத நான் ஒத்துக்கல," என்றார் சிலுவைராஜ். "அதுக்காக நிறுத்தச் சொன்னது யாரு?"

ஞானமேரி குழம்பிப்போனார். "ஒரு நிமிஷம். ஒங்க புள்ளைங்க எந்த செக்‌ஷன்ல படிக்கிறாங்க?"

ஜெகபர் அலி சிலுவைராஜைப் பார்த்தார். சிலுவைராஜ் தன் செருப்பைப் பார்த்தார்.

கேட்டிலிருந்து வந்த காவல்காரம்மா சுல்தான் பீவிதான் போட்டு உடைத்தாள்.

"இவங்க யாரு புள்ளையும் இங்க படிக்கல மேடம். சொவத்துக்கு அந்தாண்ட டீக்கடையில ஒக்காந்து மிஸ்ஸோட பாடத்தக் கேட்டுட்டு, மணியடிச்சு விட்டுப்போன மிச்சத்தக் கேக்கத்தான் தெனம் சண்டைக்கு வர்றாங்க!"