அமிர்தநாதர் விளங்கப்படுத்துகிறார்

விளங்கப்படுத்துகிறவர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. அருகிவரும் இனமல்ல, கவலை வேண்டாம். ரொறொன்ரோவில் எங்கே நாலு பேர் கூடி, எதையாவது இலவசமாகப் பார்க்கலாம் என்று தட்டி எழுதி வைக்கிறார்களோ, அங்கே இவர் வந்துவிடுவார். தெருவிழாவானாலும் சரி, நூலகத்து ஓவியக் கண்காட்சியானாலும் சரி, ஏரிக்கரை மணற்சிற்பமானாலும் சரி, பனிக்கட்டியில் செதுக்கிய யானை உருகி முடியும்வரை சுற்றிநின்று பார்க்கிற நிகழ்ச்சியானாலும் சரி. நீங்கள் ஒரு சிற்பத்தின் முன்னால் நிற்கிறீர்கள். பிடித்திருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை. தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்கும். முடிந்தது. இனி அந்தச் சிற்பம் உங்களுடையது அல்ல.

இவரை அடையாளம் காண்பது சுலபம். முதலில் பொருளைப் பார்க்கமாட்டார். பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்க அட்டையைத்தான் பார்ப்பார். அதை உதடு அசையாமல் வாசித்து முடித்து, இரண்டடி பின்னால் வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, தலையைச் சற்றே சாய்த்து, அட்டையில் இருந்ததையே அந்தக் கணத்தில் தனக்கு உதித்த ஞானம்போல உங்களுக்கு எடுத்துச் சொல்வார். அட்டை இல்லாவிட்டால் ஆபத்து இன்னும் கூட. சொந்தமாகச் சொல்வார்.

“உதிலை பாருங்கோ, ஒரு விசயம் இருக்கு” என்பது தொடக்கம். “உதை நான் பாரிசிலையே பாத்தனான்” என்பது நடு. முடிவு கிடையாது. பாரிசில் அவர் பார்த்தது மைத்துனியின் கலியாண மண்டபத்தையும் லாச்சப்பலில் ஒரு புடவைக் கடையையும்தான். ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த இனத்தில் நானறிந்த உயர்ந்த மாதிரி அமிர்தநாதர். பிக்கரிங்கில் புது வீடு, காப்புறுதிக் கம்பனியில் வேலை, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் முன்வரிசை. மனைவி பேர்ணடெற் அவருடைய நிரந்தரப் பார்வையாளர். நுழைவுக்கட்டணம் இல்லை, வெளியேறும் வாசலும் இல்லை. ஒருமுறை ரெக்ஸ்டேலில் சுவரில் மீன் வரைந்துகொண்டிருந்த ஓர் ஓவியப் பெண்ணுக்கு, அவளுடைய மீன் எதைக் குறிக்கிறது என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினார். அவள் ஏணியின் உச்சியில் நின்றதால் ஓட முடியவில்லை.

2009ஆம் ஆண்டு வசந்தத்தில், வன்னிப் போரை நிறுத்தச் சொல்லிச் சனங்கள் வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டு நகரத்தின் நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அமிர்தநாதரும் போய் நின்றார். அதைக் குறை சொல்ல முடியாது. கொடி பிடித்தார், மழையில் நனைந்தார், தொண்டை கட்டும்வரை கத்தினார். கட்டிய தொண்டையோடு, குதிரையில் வந்த பொலிசுக்காரருக்குப் போரின் வரலாற்றை ஆதியிலிருந்து விளங்கப்படுத்தினார். பொலிசுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். குதிரை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றது.

மே மாதம் எல்லாம் முடிந்தது. சனங்கள் கொடிகளைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பழையபடி வேலைக்குப் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி எமில்டா. மன்னார்க்காரி, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை, ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்ரில் தனியாக இருந்தாள். தம்பி அன்புராசா வன்னிக்குள் இருந்தவன். இடைக்கிடை எங்கிருந்தோ, யாருடைய போனிலிருந்தோ எடுப்பான். ஏப்ரலில் ஒருநாள் “அக்கா, திரும்ப எடுக்கிறன்” என்றான். எடுக்கவில்லை. முகாம்களில் விசாரித்தாள், பட்டியல்களில் தேடினாள், பாதிரிமாருக்குச் சொன்னாள். ஒரு தகவலும் வரவில்லை.

செப்டெம்பரில் ஸ்காபரோப் பூங்கா ஒன்றில் ஒரு விழா நடந்தது. கோயிலில் பழக்கமான எமில்டாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று பேர்ணடெற் பிடிவாதமாக நின்றாள். காரை எடுக்கும்போதே கணவனுக்குச் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, அவ வேலைக்கும் கோயிலுக்கும் தவிர ஒரிடமும் போறேல்லை. இண்டைக்கு ஒருநாளாவது சும்மா நிண்டு பாக்கட்டும். நீங்கள் ஒண்டும் விளங்கப்படுத்தாதேங்கோ.”

“நான் ஏன் விளங்கப்படுத்திறன்? நானும் சும்மாதான் பாக்கப்போறன்” என்றார் அமிர்தநாதர், மனம் புண்பட்டு.

வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற மனிதர். ஆகவே எமில்டாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எமில்டாவுக்குக் கேட்கும்படியாக பேர்ணடெற்றுக்குச் சொன்னார். சீனரின் சிங்க நடனத்தில் சிங்கம் ஏன் கண்ணைச் சிமிட்டுகிறது என்று சொன்னார். பஞ்சுமிட்டாய் எப்படிச் சுற்றப்படுகிறது என்று சொன்னார். இலவசமாக மரக்கன்று கொடுத்த மாநகரசபைக் கூடாரத்தில், கொடுத்தவருக்கே நடுகிற முறையைச் சொன்னார். எமில்டா இரண்டு பேருக்கும் ஓரடி பின்னால், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். சமோசா வாங்கிக் கொடுத்தபோது சாப்பிட்டாள். சிங்கம் அவளருகே வந்து தலையாட்டியபோது கொஞ்சம் சிரித்தாளாம். பேர்ணடெற் பிறகு சொன்னது.

பூங்காவின் கோடியில் ஒரு பெரிய மேப்பிள் மரம். அதன் கிளைகளிலிருந்து பழைய ரெலிபோன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். கறுப்பு, பச்சை, மண்ணிறம். சுருள் வயர் காற்றில் ஆடிற்று. அந்த வட்டாரத்தவர்களின் பழைய ஆன்சரிங் மெசின்களில் கிடந்த குரல்களை அவர்களிடமே கேட்டு வாங்கி, ஒவ்வொரு போனிலும் ஒன்றாகப் போட்டிருந்தாள் ஓர் இளம் சிற்பி. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் எவரோ எவருக்கோ என்றைக்கோ விட்ட செய்தி கேட்கும். பால் வாங்கி வா என்று ஒரு குரல். பிறந்தநாள் வாழ்த்து ஒன்று. ஒருவர் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே இருமினார். பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடினார்கள். பெரியவர்கள் வெட்கப்பட்டு எடுத்து, பிறகு வைக்க மனமில்லாமல் நின்றார்கள்.

அமிர்தநாதர் அட்டையைத் தேடிப் போனார். அது மரத்தின் மறுபக்கத்தில் இருந்தது. வாசித்து முடித்துத் திரும்பியபோது எமில்டா ஒரு பச்சை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அதில் ஒரு தமிழ்ப் பெடியனின் குரல் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. “அக்கா, நான்தான். வீட்டிலை நிக்கிறியளோ? எடுங்கோவன் அக்கா.” அவ்வளவுதான். முடிந்து, கொஞ்சம் கரகரத்து, திரும்பவும் தொடங்கும்.

எமில்டா வாயை ரிசீவரோடு ஒட்டி, மெல்ல, “நிக்கிறன் ராசா, சொல்லு” என்றாள்.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம் என்பது இருக்கட்டும். அமிர்தநாதர் இரண்டடி பின்னால் போய், கைகளைக் கட்டி, தலையைச் சாய்த்தார். காலையிலிருந்து காப்பாற்றிவந்த வாக்குறுதி அந்த நொடியில் உடைந்தது.

“தங்கச்சி, உதிலை பாருங்கோ, ஒரு விசயம் இருக்கு. உது உண்மையான போன் இல்லை. கலையிலை இன்ஸ்ரலேசன் எண்டு சொல்லுறது. வயர் ஒரிடமும் போகேல்லை. உள்ளுக்கை ரெக்கோடிங். நீங்கள் கதைச்சால் அங்காலை ஒருத்தருக்கும் கேக்காது. உதைச் செய்த சிற்பிப் பிள்ளை என்ன சொல்ல வருகுதெண்டால்…”

எமில்டா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. சந்தையில் விலை கேட்பவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்:

“தெரியும் அண்ணை. ஏப்ரலிலை இருந்து என்ரை வீட்டுப் போனிலையும் அப்பிடித்தான். நான் கதைக்கிறன், அங்காலை ஒருத்தருக்கும் கேக்கிறேல்லை. இதிலை எண்டாலும் அக்கா எண்டு ஒருத்தன் கூப்பிடுறான். கொஞ்சம் பேசாம நிண்டியளெண்டால் நான் கேட்டிடுவன்.”

பேர்ணடெற் அமிர்தநாதரின் சட்டைக் கையைப் பிடித்தாள், இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய முகம் கருகிவிட்டது என்றாள் பிறகு. அவரும் தெருவில் நனைந்தவர்தானே.

எமில்டா வைக்கவில்லை. பின்னால் சனம் சேர்ந்தது. விட்பியிலிருந்து பிள்ளைகளோடு வந்த ஒரு வெள்ளைக்காரர், பச்சைப் போனுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று சற்று உரக்கவே கேட்டார். சிற்பியும் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள். கேட்பதற்கு ஒரு கூட்டம், சொல்வதற்கு ஒரு பெருங்கதை, ஆங்கிலமோ கைவசம். இப்படியொரு வாய்ப்பு இந்த இனத்துக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும். அமிர்தநாதர் எமில்டாவுக்கும் சனத்துக்கும் நடுவில் போய் நின்றார். கையை அகல விரித்தார். “பிளீஸ்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

எமில்டா அழுது முடித்து, ரிசீவரைத் துடைத்துவிட்டுத் தொங்கவிட்டாள். மூவரும் கார் நிறுத்திய இடத்துக்கு நடந்தார்கள். அவளை அப்பார்ட்மென்ர் வாசலில் இறக்கும்போது, “அடுத்த கிழமையும் இருக்குமோ அக்கா அந்த மரம்?” என்று பேர்ணடெற்றைக் கேட்டாள். இல்லை, நாளையே கழற்றிவிடுவார்கள் என்பது அமிர்தநாதருக்குத் தெரியும், அட்டையில் வாசித்தவர். “கூட்டிக்கொண்டு போறம்” என்று பேர்ணடெற் சொன்னாள். அவர் திருத்தவில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். கதைகளில் அப்படித்தான் நடக்கும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நாலைந்து பேரைச் சுவரோடு சாய்த்து வைத்து அமிர்தநாதர் சொல்லிக்கொண்டிருந்தார்: “அந்த இடத்திலை நான் ஒண்டும் கதைக்கேல்லை. ஏன் கதைக்கேல்லை? அதுதான் கேள்வி. மௌனம் எண்டிறது சும்மா வாயை மூடுறதில்லை. அதிலை மூண்டு வகை இருக்கு.”

மௌனத்தைப் பற்றி இவ்வளவு சத்தத்தை நான் கேட்டதில்லை. முதல் வகை முடியும்போதே என் கோப்பி ஆறிவிட்டது.

இரண்டாம் வகையில் எமில்டா உள்ளே வந்தாள். அமிர்தநாதர் அவளைக் கண்டார். சொல் பாதியில் நின்றது. அவள் ஒருவரையும் பாராமல் மூலையில் கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்தாள். பேர்ணடெற் தன் கோப்பையோடு எழுந்து போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள். ஒரு டோனட்டைப் பிய்த்து பாதியைக் கொடுத்தாள். எமில்டா வாங்கிக்கொண்டாள். இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சாப்பிட்டார்கள். ஒரு பேச்சும் இல்லை.

நாங்கள் பார்த்தோம். அமிர்தநாதரும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன், அது பொய்யில்லை. பிறகு செருமினார். எங்கள் பக்கம் குனிந்து, இரகசியம்போலச் சொன்னார்:

“இப்ப பேர்ணடெற் ஏன் பேசாம இருக்கிறா எண்டு தெரியுமோ?”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவரல்ல. உங்களுக்கு ஒரு பொருளைச் சும்மா பார்க்கத் தெரியும், ஒருவரின் துக்கத்துக்குப் பக்கத்தில் சும்மா உட்காரவும் தெரியும். சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். தம்பியின் குரல் அல்ல என்று தெரிந்தும் எமில்டா ஏன் அந்த மரத்திடம் திரும்பிப் போக நினைத்தாள்?

பாருங்கள், வாயைத் திறந்துவிட்டீர்கள்.