நானூற்றுப் பன்னிரண்டு தலைகளும் ஒரு கிணறும்

தண்டலங்காட்டு நாட்டில் ஒட்டிய ஒரு சுவரொட்டியில் அரசரின் மீசை மட்டும் ஒன்றரைக் காதம் நீளம். இடது நுனியில் விடிந்து கால் நாழிகை கழித்துத்தான் வலது நுனியில் விடியும். அதன் நிழலில் மாட்டிக்கொண்ட இரண்டு ஊர்களில் வடாம் காய்வதே இல்லை.

சுவரொட்டிப் பள்ளியில் தேறாதவர் துண்டுக் காகிதம்கூடச் சுவரில் ஒட்டக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாம் குடிக்கும் ஐந்தாம் தெருக் கிணறு கெட்டு, பதினொரு பேர் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டபோது, செண்பகவடிவு தன் கணவனைப் பாயில் விட்டுவிட்டு அந்தப் பள்ளிக்கு ஓடினாள். ‘இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளியின் தலைமை ஆசான் பராங்குசர். நீர்த்துறை அமைச்சரும் அவரே.

“அரசர் தோண்டின கிணத்துத் தண்ணி குடிச்சு வாந்தி வருமாம்மா? எனக்கு நம்பிக்கையில்ல. சரி, வந்துட்ட, உக்காரு.”

முதல் பாடம் எழுத்து. அரசர் பெயர் யானை பருமன், அமைச்சர் பெயர் எருமை பருமன், வட்டச் செயலாளர் ஆடு, வார்டுக்காரர் கோழி.

“விஷயம் எந்தப் பருமன்ங்கய்யா?”

“இடம் மிஞ்சினா கடுகு.”

இரண்டாம் பாடம் முகங்களை வெட்டி ஒட்டுவது. ஒரு தலை விட்டுப்போனாலும் தலைக்குரியவர் ஆட்களோடு வந்துவிடுவார் என்பதால் நானூற்றுப் பன்னிரண்டு தலைகள். செண்பகவடிவின் வாசகம் கடைசித் தலையின் மோவாய்க்கடியில் போய் ஒண்டியது.

மூன்றாம் பாடம் படம். அவள் வரைந்த மண்டையோட்டை ஆசான் கிழித்துப்போட்டார்.

“அரசர் பக்கத்துல மண்டையோடா? சிரிச்சுக்கிட்டு, கையில சொம்புத் தண்ணியோட நிக்கட்டும். பாக்கறவனுக்கு நாக்கு ஊறணும்.”

ஊறியது. சுவரொட்டி ஏறிய மறுநாளே அக்கம்பக்கத்துத் தெருக்கள் குடத்தோடு வந்து வரிசையில் நின்றன. ஒரு வாரத்தில் பதினொன்று நூற்றுப்பத்தாயிற்று. நான்கு பாடைகள் போயின. நான்கு பேருக்கும் அரசு செலவில் இரங்கல் சுவரொட்டி, அதிலும் அரசர் சிரித்தார். நான்காவது ஆள் செண்பகவடிவின் கணவன். கீழ் மூலையில் அவன் முகம் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது.

“நாலு பேரு போயிட்டாங்கய்யா” என்றாள்.

“வேற எதையாவது தின்னிருப்பாங்க” என்றார் பராங்குசர். மேளதாளத்தோடு கிணற்றடிக்கே வந்து, சுவரொட்டியை அண்ணாந்து பார்த்து, அரசரைப் போலவே சொம்பைப் பிடித்துக் குடித்தார். கூட்டம் கைதட்டியதால் இன்னொரு சொம்பும் குடித்தார்.

மூன்றாம் நாள் வைத்தியசாலையில் அவர் நார்போலக் கிடந்தார். செண்பகவடிவு கட்டிலருகே போய் நின்றாள்.

“நீங்களே திருத்தி முத்திரை போட்டதுதானேய்யா. குடிக்காதீங்கன்னு அதுல இருந்துச்சே?”

பராங்குசர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“என் மூஞ்சி எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு இருந்தேம்மா. கீழ எழுதியிருக்கறத யாரு படிக்கறா?” கட்டிலோரம் இருந்த சொம்பைத் தள்ளி வைத்தார். “அந்தத் தண்ணிதான். நீ சொன்னது நடந்துச்சு.”