மொட்டு நிற்காத தக்காளி

மாடியில் தக்காளிச் செடி மஞ்சளடித்து நின்றது. கீழே படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் டிரைவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பஸ் ஓட்டுவதை விட்டு வருஷங்களாகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான்.

"முதல் பூ வரட்டும். அதைப் பறிச்சுட்டு வந்து என் பக்கத்துல உக்காருங்க. அதுவரைக்கும் பகல்ல மாடியிலதான் உங்க டூட்டி" என்று அவள் உத்தரவு போட்டிருந்தாள். மேலதிகாரிகளை முறைத்தே காலம் தள்ளிய மனிதர், இவளிடம் மட்டும் பெட்டிப்பாம்பு. அவளுக்கு அதிக நாளில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதற்குள் பூவைக் காட்டிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

யூரியா விஷம் என்று யாரோ சொல்லப்போய், மரத்தூள் கலந்த அரைகுறைக் கம்போஸ்டைத் தொட்டி நிறையக் கொட்டியிருந்தார். மக்காத தூள், மக்குவதற்காக மண்ணிலிருந்த தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டது. அதனால்தான் இந்த மஞ்சள். பதறிப்போய் யூரியாவைக் கைநிறைய அள்ளிப் போட்டார். இலை நுனி கருகியது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதும் செடி புதராக மண்டியது. பூ மட்டும் இல்லை.

உரக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டும் வேணும் சார். நல்லா மக்கின உரத்தை மண்ணோட கலந்து விடுங்க. யூரியா ஒரு சிட்டிகை, விட்டு விட்டுப் போடுங்க. பசிச்சா சோறு போடணும், தொண்டையில திணிக்கக் கூடாது."

சொன்னபடியே செய்தார். செடி தெளிந்தது. மாலையில் மொட்டு மாதிரி ஏதோ தெரியும், மறுநாள் இருக்காது. கண்ணில்தான் கோளாறு என்று மூக்குக்கண்ணாடியை மாற்றினார். குருவிகளைத் திட்டினார். வலை கட்டினார். மனைவியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா, காலையில் அவருக்கு முன்பே துணி உலர்த்த வந்திருப்பாள்; அவர் வந்து படும் பாட்டைப் பார்த்துவிட்டு இறங்கிப் போவாள்.

ஒருமுறை மொட்டு உதிராமல் நின்றது. சில நாள் கழித்து ஒரு காலை மஞ்சள் பூவாக விரிந்திருந்தது.

பறித்துக்கொண்டு படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினார். மனைவியின் கண்கள் மூடியிருந்தன. நர்ஸம்மா போர்வையை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அழக்கூடத் தெரியாமல் பூவை நீட்டியபடி நின்றார்.

"கொஞ்சம் முன்னாடி பூத்திருக்கக் கூடாதா?"

நர்ஸம்மாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாலஞ்சு நாளா இவங்களை விட்டு நகர முடியாம நான்தான் மாடிக்கு வரல சார், அதான் பூத்துடுச்சு. தான் வலியில துடிக்கிறதை நீங்க பாக்கக் கூடாதுன்னு, தினமும் மொட்டைக் கிள்ளிப் போடச் சொன்னதே அம்மாதான்."