இதயத்தில் முதல் மார்க்

ஒரு காட்டில், அதாவது யாரைப் பார்த்தாலும் ‘எவ்வளவு மார்க் வாங்கினே?’ என்று கேட்காமல் விடாத ஒரு காட்டில், பெரியகருப்பன் என்றொரு யானை இருந்தார். காட்டுக்குத் தலைவர் என்பதால் மரியாதையாகவே சொல்கிறேன், நமக்கெதற்கு வம்பு. ஒரு காலத்தில் முழு மரத்தைத் தள்ளிவிட்டுச் சாவகாசமாகக் கொட்டாவி விடுவார். இப்போது ஓடைக்கரை ஏறுவதற்குள் நாக்குத் தள்ளியது. கால் நாலும் வீங்கிக் கிடந்தன.

காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. அந்தக் காட்டில் தலைவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆளுக்கொரு உப்புமண் கட்டி கொண்டுவருவார்கள். அதை அவர்கள் கண்முன்னாலேயே தலைவர் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ‘நம்மை மதிக்கவில்லை’ என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். யார் மனசும் நோகக் கூடாதென்று பெரியகருப்பன் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மென்றுகொண்டே இருந்தார். நல்லவனாக இருப்பதில் இப்படியும் ஒரு தொல்லை.

கடைசியில் மனைவி பேச்சியம்மாள்தான் அவரைத் தும்பிக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் மரங்கொத்தியிடம் போனாள். டாக்டர் நெஞ்சில் அங்கங்கே கொத்திக் கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“தலைவரே, உப்பு ஏற ஏற உடம்புல தண்ணி தேங்குது. ரத்தம் பெருகி இதயத்தோட சுவர் இழுபடுது. அப்படி இழுபட்டா இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்பும். ‘உப்பையும் தண்ணியையும் வெளியே தள்ளுப்பா’ன்னு. ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளரச் சொல்லும். உங்க இதயம் கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு. சிறுநீரகமும் பாவம், எவ்வளவுதான் தள்ளும்? அந்தக் கத்தல் எவ்வளவுங்கிறதுதான் இந்த எண். எண்ணூறு.”

“மத்தவங்களுக்கு எவ்வளவு இருக்கும்?” என்று எட்டிப் பார்த்தது தலைவரின் உதவியாளரான சடையன் குரங்கு.

“நூத்துக்குள்ளதான் இருக்கணும்.”

அவ்வளவுதான். சடையன் அடுத்த கிளைக்குத் தாவியது. “தலைவர் எண்ணூறு! நூத்துக்கு எண்ணூறு!”

“ஐயோ, அது மார்க் இல்லைப்பா!” என்று டாக்டர் கத்தினார். யார் காதில் விழுந்தது? மறுநாளே பாதைக்குப் பாதை வாழ்த்துப் பலகை. டாக்டரின் மரத்தடியில் தொடங்கிய வரிசை ஓடைக்கரைவரை நீண்டது. ஒரு மான் தன் குட்டிக்கு வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அங்கேயே ஒப்பாரி வைத்தது.

“பன்னெண்டா? பன்னெண்டாடா வாங்கியிருக்கே? அந்த யானை மாமாவும் இதே ஓடைத் தண்ணியைத்தானே குடிக்கிறார்!”

முயல் ஒன்று உப்பு டியூஷன் ஆரம்பித்தது. டாக்டர் மரத்தில் தலையை முட்டிக்கொண்டார். மரங்கொத்தி என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியகருப்பனுக்கு முதலில் பெருமைதான், பொய் சொல்வானேன். ஆனால் வாழ்த்த வந்தவர்களும் உப்புக் கட்டியோடுதான் வந்தார்கள். சாய்ந்தால் மூச்சு முட்டியது. நிமிர்ந்தால் நெஞ்சு அடைத்தது.

“செத்துப் போயிருவேனா பேச்சி?” என்றார். பயத்தில் குரல் குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

“உப்பை விடுங்க. எனக்கு முதல் மார்க் வாங்கின புருஷன் வேணாம், மூச்சு விடுற புருஷன் போதும்” என்றாள் பேச்சியம்மாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அன்றிலிருந்து அவர் கட்டியை வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வந்தவர் முதுகு திரும்பியதும் புதருக்குள் துப்பினார். டாக்டர் கொடுத்த மருந்தையும் ஒழுங்காகத் தின்றார். கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. ஒருநாள் விடியற்காலையில் புருஷனும் பெண்டாட்டியும் மலையுச்சிவரை ஏறினார்கள். மூச்சு வாங்கவில்லை. பெரியகருப்பன் சந்தோஷத்தில் பிளிறினார்.

அடுத்த பரிசோதனையில் அவருக்குத் தொண்ணூறு. “சபாஷ்! உங்க இதயம் இப்போ கத்தவே வேண்டியதில்லை” என்று டாக்டர் சிறகடித்தார். அதே நாளில் முனியாண்டி என்ற காட்டுப்பன்றிக்குத் தொள்ளாயிரம்.

முதல் மார்க் வாங்கியவர்தானே தலைவர், சாயங்காலமே பதவி பன்றிக்குப் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. ஊரே திரண்டு துக்கம் கேட்க வந்துவிட்டது.

“தொண்ணூறா? எண்ணூறு வாங்கினவருக்கா?”

“வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

“விடுங்க, அடுத்த தடவை நல்லாப் பண்ணிடலாம்” என்றது பன்னிரண்டு வாங்கிய மான்குட்டி.

பட்டாபிஷேகத்துக்கு முனியாண்டியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். கழுத்தில் மாலை விழுந்ததும் ஆள் அப்படியே சாய்ந்தது. “என்ன தன்னடக்கம், பாருங்க!” என்று கூட்டம் கை தட்டியது. டாக்டர் பறந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காடே அழுதது. ஓடைக்கரையில் முனியாண்டிக்குச் சிலை வைத்தார்கள். அடியில் ‘தொள்ளாயிரம்’ என்று செதுக்கினார்கள். பேச்சியம்மாள், “நல்லவேளை, என் சாமி தப்பிச்சுது” என்று கும்பிட்டாள். பெரியகருப்பன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து யாரோ, “பாவம், இவர்தான் ஃபெயிலானவர்” என்று தங்கள் குட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் யாருக்கும் தெரியாமல் டாக்டரின் மரத்தடிக்குப் போனார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து டாக்டர் ஆசையாகத் தலையை நீட்டினார். பெரியகருப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“டாக்டர், மறுகூட்டலுக்குப் போட முடியுமா?”

நீதி: உயிர் போனால் ஊரே வந்து அழும், மார்க் போனால் ஊரே வந்து விசாரிக்கும். மார்க் போவதற்கு உயிர் போவது எவ்வளவோ தேவலை.