கும்பிடு அண்ணன் போட்ட கோல்கள்

கோல் போட்டுவிட்டு இவ்வளவு வருத்தப்பட்ட மனிதர் உலகக் கால்பந்து சரித்திரத்திலேயே கிடையாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பந்து வலைக்குள் போனதும் மற்றவர்கள் குதிப்பார்கள், கத்துவார்கள். எங்கள் கும்பிடு அண்ணன் மட்டும் எதிர் டீமின் பக்கம் திரும்பி, எழவு வீட்டு வாசலில் நிற்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு கைகூப்புவார். தாம்பரம் வட்டாரத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

டிவியில் வெளிநாட்டு ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இந்த மரியாதை புரியும். பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக்கூடாது. அங்கே ஒரு ஆட்டக்காரருக்கு மூன்று நான்கு பழைய கிளப் இருக்கும். நம்ம ஆளுக்கோ பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஆடாத டீமே கிடையாது. கோவாவில் அரை சீசன், கொல்கத்தாவில் ஒரு மழைக்காலம், கேரளத்தில் கோடைதோறும் ஏழு பேர் ஆடும் செவன்ஸ். அங்கே அவர் இடத்துக்கு ஆறடி உயரத்தில் வேறொரு ஃபார்வர்டு வந்து இறங்கினால், இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏறிவிடுவார். இங்கே காலையில் சேலையூருக்கு ஆடுவார், சாயங்காலம் கூடுவாஞ்சேரிக்கு ஆடுவார். அவர் வீட்டு மொட்டை மாடிக் கொடியில் மொத்த லீகும் காயும்.

“எல்லாம் சோறு போட்ட டீமு சார். அவங்க முன்னாடி குதிச்சா நல்லாவா இருக்கும்? நான் புரொபஷனல் சார்” என்பார்.

ஒருமுறை பெனால்டி கிக். பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், எதிரே நின்ற கோல் கீப்பரிடம், “அம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்னாங்களே, இப்போ எப்டி கீறாங்க?” என்றார். “பரவால்லண்ணா, நேத்துதான் டிஸ்சார்ஜ்...” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ரெஃப்ரி விசில் ஊத, பந்து உள்ளே போய்விட்டது. தந்திரம் என்று பெரிய ரகளை. சத்தியமாகத் தந்திரம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனாரே!

அந்த சீசனில் அண்ணன் ஆடிய எங்கள் தெரு டீமுக்கு நான்தான் செக்ரட்டரி. என்னிடம் கார் இருந்ததைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. அந்தக் காரில் வைத்துத்தான் ஒருநாள் மனசைத் திறந்தார்.

“சார், முட்டி போச்சு. இந்த சீசனோட நிறுத்திக்கலாம்னு கீறேன். ஒரே ஒரு ஆசை சார். ஒரு கோலு போட்டுட்டு, ஜெர்சிய கயட்டி சுத்திக்கினே கிரவுண்ட ஒரு ரவுண்டு ஓடணும்.”

“ஓடுங்களேன்.”

“எந்த டீமுக்கு எதிரா சார் ஓடறது?”

அப்போதுதான் பெருங்களத்தூரில் புதிதாக வந்த அபார்ட்மெண்ட்டுக்காரர்கள் ஒரு டீம் ஆரம்பித்தார்கள். அண்ணன் ஆடாத ஒரே டீம்! வந்து சேரச் சொல்லி அவர்கள் கெஞ்சியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டீமுக்கு மாட்டேன் என்றார். நாங்களும் அவர்களும் செவன்ஸ் ஃபைனலுக்கு வந்ததும், மொட்டை மாடியில் பயிற்சி தொடங்கிவிட்டது. பந்துப் பயிற்சி இல்லை, கொண்டாட்டப் பயிற்சி. வெற்றுடம்போடு சட்டையைச் சுழற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை அவர் சுற்றி வருவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “இன்னாங்க, குளவி கொட்டிச்சா?” என்று பதறிப்போய் ஓடிவந்தார்.

ஃபைனல் அன்று அவருடைய மனைவி மேரி டீச்சரும் குடையோடு மைதானத்துக்கு வந்துவிட்டார். “இத்தனை வருஷமா இவர் கோல் போட்டு நான் கை தட்டினதே இல்ல சார். இவர் மூஞ்சியப் பார்த்தா துக்கம் விசாரிக்கத்தான் தோணும். இன்னைக்காவது கண்குளிரப் பாக்கணும்” என்றார்.

அன்று தொடர் விடுமுறையின் கடைசி நாள். ஊருக்குப் போன சென்னை முழுவதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. அபார்ட்மெண்ட் கேப்டன் வியர்த்து வழிய வந்தான். “அண்ணா, எங்க ஸ்ட்ரைக்கர் கூடுவாஞ்சேரில மாட்டிக்கிட்டான். ஆறு பேர்தான் இருக்கோம்.”

ஏழு பேர் இல்லையென்றால் வாக்ஓவர், கோப்பை எங்களுக்கு. எங்கள் பையன்கள் அப்போதே செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் முகம் மட்டும் தொங்கிவிட்டது. ஆட்டமே இல்லையென்றால் கோல் ஏது?

“அவன் வர்ற வரைக்கும் ஒரே ஒரு ஆள் குடுங்கண்ணா” என்று கேப்டன் கெஞ்சினான். எதிரி ஜெர்சியைத் தொடமாட்டோம் என்று எங்கள் பையன்கள் முறைத்தார்கள். அண்ணன் கையை நீட்டினார். “ஜெர்சிய குடு தம்பி.”

“அண்ணே! போட்டீங்கன்னா இதுவும் உங்க பழைய டீம் ஆயிடும்!” என்று நான் அலறினேன்.

“ஆவட்டும் சார். ஆளில்லாத டீம வேடிக்க பாத்துக்கினு எப்டி நிக்கறது?”

ரெஃப்ரி வானத்தைப் பார்த்தார். “ரெண்டு கேப்டனுக்கும் ஓகேன்னா எனக்கும் ஓகே. வெயில் ஏறுது, சீக்கிரம்.”

எங்கள் பக்கம் காலியான இடத்தில் தொப்பையோடு நான் இறங்கினேன். அந்தக் கொடுமையை விவரிக்கப் போவதில்லை. அண்ணன் புரொபஷனல் அல்லவா, என்னை ஒரு சுற்று சுற்றவைத்துவிட்டு எங்களுக்கு எதிராகவே ஒரு கோல் போட்டார். உடனே எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். எங்கள் பையன்கள் சொன்ன பதிலைப் பத்திரிகையில் போட முடியாது.

ஒருவழியாக அந்த ஸ்ட்ரைக்கர் வந்து சேர்ந்தான். அண்ணன் ஜெர்சியை மாற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார், நான் வெளியே போனேன். அவர் தள்ளிக் கொடுத்த பந்தில் எங்கள் பையன் ஒருவன் சமன் செய்தான். ஆட்டம் முடியப்போகும் நேரம். நடுக்கோட்டில் பந்தை நெஞ்சில் வாங்கினார், போன முட்டியோடு இரண்டு பேரைத் தாண்டினார், கீப்பர் பாய்ந்த திசைக்கு மறுபக்கம் மெதுவாக உருட்டினார். கோல்!

அண்ணனின் கை ஜெர்சியின் ஓரத்தைப் பிடித்தது. வயிறு வரைக்கும் தூக்கியது. அங்கேயே நின்றது. பிறகு ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு அபார்ட்மெண்ட் பையன்கள் பக்கம் திரும்பினார். கைகள் கூடின.

திடீரென்று மைதானத்தின் ஓரத்தில் ஒரு குடை பறந்தது. மேரி டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷனின் துண்டைத் தலைக்குமேல் சுழற்றியபடி ஓடிக்கொண்டிருந்தார். “கோல்! கோல்! எங்க வீட்டுக்காரர் கோல்!”

“டீச்சர், இன்னா இது!” என்று அண்ணன் கத்தினார்.

“நீங்க நில்லுங்க! நான் எந்த டீமுக்கு ஆடினேன்? எனக்கு யார்கிட்ட என்ன மரியாதை?” என்று சொல்லிக்கொண்டே அடுத்த மூலையைத் தாண்டிவிட்டார்.

எங்கள் பையன்கள் பின்னால் ஓடினார்கள். தோற்ற அபார்ட்மெண்ட் பையன்களும் ஓடினார்கள். நானும் ஓடினேன். நடுவில் அண்ணன் மட்டும், கூப்பிய கையை எடுக்காமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, கன்னமெல்லாம் நனைய நின்றார்.

திரும்பும்போது இருவரும் என் கார் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். “இன்னா ஓட்டம் டீச்சர் ஓடுன!” என்று இவர் ஆரம்பிப்பார், அவர் துண்டால் ஒரு அடி கொடுப்பார், மறுபடி இரண்டு பேரும் சிரிப்பார்கள். பெருங்களத்தூரில் வண்டிகள் அசையவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். எனக்கென்னவோ, அந்த நெரிசல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்றிருந்தது.